பல்லைப் பிடித்துப் பார்!

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள் பெரியவர்கள். சரி, தானமாக வந்ததைப் பார்க்க வேண்டாம். வியர்வையைக் காசாக்கி, அந்தக் காசைக் கொட்டி வாங்கிய மாட்டை? பார்க்கத்தான் வேண்டும்! பல்லையும் பார்க்க வேண்டும், வாலையும் பார்க்க வேண்டும், விற்பவன் முகத்தையும் பார்க்க வேண்டும்!

மாட்டுக்கு மட்டுமா பல்? அஞ்சல் தலைக்கும் பல் உண்டு! நான்கு ஓரத்திலும் வரிசை கட்டி நிற்கும் அந்தப் பற்களை எண்ணிப் பார்க்காததால், இரண்டு மாத ஓவர்டைம் பணத்தைப் பறிகொடுத்தார் நம் தோழர் ஒருவர். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் புகுகிறேன்.

சென்ற திங்கள் ஒரு மாலை. சங்கக் கட்டடத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். லேத் பட்டறையில் வேலை முடித்து வந்த தோழர், எண்ணெய்க் கறையைத் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். நீட்டிய கரத்திலே நடுக்கம். கேட்ட குரலிலே கலக்கம்.

"அண்ணே! இது அசல்தானா? பார்த்துச் சொல்லுங்க!"

உறைக்குள்ளே அஞ்சல் தலை. காந்தியார் உருவம். 1948. பத்து ரூபாய்.

"எங்கே வாங்கினீர்கள்?"

"கைபேசியிலே பார்த்தேன் அண்ணே. நாலாயிரத்து ஐந்நூறு. கடையிலே இதுக்குப் பல மடங்கு கேட்கிறாங்க. தாத்தா பெட்டியிலே கிடந்ததாம். அவசரமா பணம் தேவையாம். அதனாலே குறைச்சுத் தர்றதாச் சொன்னான்."

தாத்தா பெட்டி! எத்தனை தாத்தாக்கள், எத்தனை பெட்டிகள்! இணையத்திலே உலவும் அத்தனை தாத்தாக்களும் உயிரோடு இருந்திருந்தால் அஞ்சல் நிலையங்களிலே அந்நாளில் தலை வாங்க வேறு யாருக்கும் இடம் இருந்திராது!

பள்ளிப் பருவத்திலே அஞ்சல் தலை சேர்த்தவன் நான். இன்றும் அந்தப் பித்து முழுதும் தெளியவில்லை. வீட்டிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியையும் என்னிடமிருந்த ஒன்றரை அணாக் காந்தி தலையையும் கொண்டுவந்தேன். இரண்டையும் அருகருகே வைத்தேன். பார்த்தேன். தோழரையும் பார்க்கச் சொன்னேன். அவர் முகம் வாடியது.

ஏன் வாடியது? அதைச் சொல்வதற்கு முன்னே, அந்தத் தலையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

விடுதலை பெற்ற முதலாண்டு நிறைவு நாளான 1948 ஆகஸ்டு 15 அன்று, இந்திய அஞ்சல் துறை நான்கு காந்தி தலைகளை வெளியிட்டது. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். நான்கும் சுவிட்சர்லாந்து நாட்டிலே, கூர்வாசியே என்ற அச்சகத்திலே அடிக்கப்பட்டவை. ஒன்றரை அணாத் தலையை எளியவரும் வாங்கினர். பத்து ரூபாய்த் தலையை? ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த நாள் அது. பத்து ரூபாயை ஒரு துண்டுத் தாளுக்குக் கொடுக்க எத்தனை வீடுகளால் முடியும்? வாங்கியோர் சிலர், வைத்துக் காத்தோர் அவரினும் சிலர். ஆகவேதான் இன்று அதற்கு ஆயிரக்கணக்கிலே விலை.

விலை எங்கே இருக்கிறதோ அங்கே வேடம் வரும். வேடம் எங்கே வருகிறதோ அங்கே வேதனை வரும்!

அசல் தலை அடிக்கப்பட்ட முறைக்குப் போட்டோகிராவூர் என்று பெயர். தகட்டிலே கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு குழிகள், குழிகளிலே மை, மை தாளிலே இறங்கும்போது நிழல் படிப்படியாக, மெழுகினாற்போல் வரும். தோழர் வாங்கிய தலையோ உருப்பெருக்கியின் கீழே பல வண்ணப் புள்ளிகளாகச் சிதறி நின்றது. கணினி அச்சின் கைவண்ணம்! பற்களை அளந்தோம். இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை துளை என்பதுதான் பல் கணக்கு. இந்தக் காந்தி தலைகளுக்கு அது பதினொன்றரை. ஒன்றரை அணாத் தலை கணக்குக்குச் சரியாக நின்றது. பத்து ரூபாய்த் தலை நிற்கவில்லை.

தோழர்களே, இதிலே ஒரு பாடம் இருக்கிறது. விலையுயர்ந்த ஒன்றை வாங்கும் முன்னே, அதே வரிசையில், அதே அச்சகத்தில் பிறந்த எளிய விலைத் தலை ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் அசலா என்று தம்பியை வைத்துச் சோதியுங்கள்! தம்பிக்குச் சில்லறை போதும். அண்ணனிடம் ஏமாந்தால் சம்பளமே போகும்.

"அதெல்லாம் இருக்கட்டும். பழைய தலை என்றால் விலை உண்டுதானே?" என்று கேட்பீர்கள். இதுதான் முதல் மயக்கம்!

உலகின் முதல் ஒட்டும் அஞ்சல் தலை, இங்கிலாந்தின் 'பென்னி பிளாக்', 1840 மே 6 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைவிடப் பழையது கிடையாது. ஆனால் அது அரியதா? இல்லை! 6 கோடியே 80 இலட்சத்துக்கும் மேல் அச்சிட்டார்கள். ஏராளமாக இன்றும் கிடைக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் நல்ல விலை, நைந்திருந்தால் நடுத்தர விலை, அவ்வளவே. பழமை என்பதாலேயே பெருமை வந்துவிடாது! எத்தனை அடித்தார்கள், எத்தனை எஞ்சின, எத்தனை பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்ற இந்த நான்கு கேள்விகளும் சேர்ந்துதான் விலையைச் சொல்லும். விற்பவன் வாய் சொல்லாது.

1970 பிப்ரவரி 3 அன்று, பேரறிஞர் அண்ணா மறைந்து ஓராண்டு நிறைந்த நாளிலே, அஞ்சல் துறை அவர் உருவம் தாங்கிய 20 காசுத் தலையை வெளியிட்டது. நம்மவர் பலர் அதை ஏட்டுக்குள் வைத்துக் காக்கின்றனர். இணையத்திலே சிலர் அதையே 'மிக மிக அரியது' என்று முழங்கி ஆயிரக்கணக்கில் விலை வைக்கின்றனர். அன்பு வேறு, அருமை வேறு தோழர்களே! நெஞ்சிலே விலைமதிப்பற்றது என்பது உண்மை. சந்தையிலே அது எளிதாகக் கிடைக்கும் தலை என்பதும் உண்மை. நம் அன்பை அளந்து விலை வைப்பவனிடம், அன்பைக் காட்ட வேண்டாம், அறிவைக் காட்டுங்கள்!

அரியது என்றால் என்ன என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. அதே 1948 காந்தி தலைகளில், கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்கென்று 'சர்வீஸ்' என்ற சொல்லை மேலே அச்சிட்டுக் கொடுத்தார்கள். பத்து ரூபாய்த் தலையில் அப்படி அச்சிடப்பட்டவை 100 மட்டுமே. 2017-ஆம் ஆண்டு, அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு வரிசை 5 இலட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. ஒரு சொல்! அந்த ஒரு சொல்லுக்கு அத்தனை விலை! எத்தனுக்கு இது போதாதா? அசல் தலையின் மேலே அந்த ஒரு சொல்லை மட்டும் போலியாக அச்சடித்துவிட்டால்? தாள் அசல், பல் அசல், படம் அசல், சொல் மட்டும் பொய்! ஆகவே பல்லை மட்டும் பார்த்தாலும் போதாது.

"இவ்வளவு நுட்பமாகவா செய்வார்கள்?" என்று ஐயுறுகிறீர்களா? ஸ்பெராட்டியின் கதையைக் கேளுங்கள்.

ஜீன் டி ஸ்பெராட்டி இத்தாலியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவன். அந்தக் காலத்து மலிவான தலைகளை வாங்குவான். அவற்றின் படத்தை மட்டும் மருந்தால் வெளுத்து எடுப்பான். தாள் நிற்கும், நீர்க்குறி நிற்கும், பல் நிற்கும், மேலே விழுந்த அஞ்சல் முத்திரைகூட நிற்கும். வெளுத்த இடத்திலே விலையுயர்ந்த தலையின் படத்தை அச்சிடுவான். 1942-ல் அவன் போர்த்துகலுக்கு அனுப்பிய 18 தலைகளைப் பிரெஞ்சுச் சுங்கத்தார் பிடித்தனர். விலைமதிப்புள்ள சரக்கை அனுமதியின்றி வெளியே அனுப்பினான் என்று வழக்கு! "ஐயா, இவை அசலல்ல, நான் செய்தவை" என்றான் அவன். "இல்லை, அசல்தான்!" என்றனர் வல்லுநர்கள். போலி செய்தவன் போலி என்கிறான். கற்றறிந்தோர் அசல் என்கின்றனர்! முடிவில் 1954-ல் பிரிட்டிஷ் அஞ்சல் தலைச் சங்கத்தார் அவன் கைச்சரக்கையும் கருவிகளையும் விலைகொடுத்து வாங்கினர். சந்தையில் மேலும் பரவாமல் தடுக்க வேண்டாமா?

நேரில் கையில் வைத்துப் பார்த்தவர்களே ஏமாந்தனர் என்றால், கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவுப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பும் நாம் எத்தனை எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

இது பொழுதுபோக்குக்காரர் கவலை மட்டுமல்ல. ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். அங்கே 'ஃபோரம் ஃபிலடெலிகோ', 'அஃபின்சா' என்ற இரண்டு நிறுவனங்கள். "அஞ்சல் தலையில் பணம் போடுங்கள். குறிப்பிட்ட காலத்தில் இலாபத்தோடு நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்றன. தொழிலாளர், ஓய்வூதியர், இல்லத்தரசியர் என்று இலட்சக்கணக்கானோர் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டினர். தலைகளின் விலையோ ஊதிப் பெருக்கப்பட்ட விலை. பழையவருக்குக் கொடுத்த இலாபமோ புதியவர் போட்ட பணம். 2006 மே 9 அன்று காவல் துறை உள்ளே நுழைந்தது. சீட்டுக்கட்டு மாளிகை சரிந்தது. ஏமாந்தவர்கள் 4 இலட்சத்துக்கும் மேல்! தலைமை ஏற்றவர்களுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஒரு வழக்கில் 2016-லும் மற்றதில் 2018-லும். தண்டனை கிடைத்தது. தொலைந்த சேமிப்பு முழுதும் கிடைத்ததா? இல்லை!

எனவே, அஞ்சல் தலையை ஆசைக்கு வாங்குங்கள், அறிவுக்கு வாங்குங்கள். "இரண்டே ஆண்டில் இரட்டிப்பாகும்" என்று எவனாவது சொன்னால் எழுந்து நடையைக் கட்டுங்கள். உலகிலே ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று புகழ்பெற்ற 1856-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் தலைகூட, 2014-ல் ஏறத்தாழ 95 இலட்சம் டாலருக்குப் போய், 2021-ல் 83 இலட்சம் டாலருக்கு இறங்கிற்று. உச்சத்தில் இருப்பதே சறுக்குகிறது என்றால், உறுதி கூறி விற்பவனை என்னென்பது?

அப்படியானால் இணையத்திலே வாங்கவே கூடாதா? யார் சொன்னது! அந்நாளில் அஞ்சல் தலை சேர்ப்பது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. பெருநகரத்து வணிகனைத் தேடிப் போக வேண்டும். அவன் சொன்னதே விலை. இன்றோ சிற்றூர்த் தொழிலாளி சென்னையை, லண்டனை, டோக்கியோவைத் தன் கைபேசியிலே அழைக்கிறான். இது நல்ல மாற்றம். கதவு திறந்திருக்கிறது. திறந்த கதவில் திருடனும் நுழைவான் என்பதற்காகக் கதவையே அடைத்துவிடுவதா? காவல் வைப்போம்!

முதல் காவல், படம். தலையின் முன்பக்கமும் பின்பக்கமும் பெரிதாகத் தெரியும் படம் கேளுங்கள். அன்றைய தேதியை எழுதிய துண்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். சரக்கு கையிலே உள்ளவன் இரண்டு நிமிடத்தில் அனுப்புவான். பிறர் படத்தைத் திருடிப் போட்டவன் கோபப்படுவான்! "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்பான். "இல்லை" என்று சொல்லத் தயங்காதீர்கள். நம்பிக்கை என்பது கேட்டுப் பெறுவதல்ல, காட்டிப் பெறுவது!

பின்பக்கம் ஏன்? கோந்து அங்கேதான் இருக்கிறது. தேய்ந்துபோன பழைய தலைக்குப் புதுக் கோந்து பூசி, புழங்காதது என்று விற்பவர் உண்டு. இயல்பான பல்லின் நுனியிலே தாளின் நார் மெல்லப் பிரிந்து தெரியும். பின்னால் பூசிய கோந்து அந்த நாரைப் பிடித்து நுனியை விறைக்க வைக்கும். கிழிசலும் ஒட்டும்கூடப் பின்பக்கத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாம் காவல், விலை. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஒரு ரூபாய்த் தலைக்குக் கோடி ரூபாய் என்று எவனும் எழுதி வைக்கலாம்; எழுதக் கூலியா கேட்கிறார்கள்? அதே தலை ஏலங்களில் உண்மையாக எவ்வளவுக்கு முடிந்தது என்று தேடிப் பாருங்கள். கேட்லாக்கில் உள்ள விலையும் நல்ல நிலையிலுள்ள தலைக்கு வணிகர் கேட்கும் விலை. கைமாறும் விலை பெரும்பாலும் அதற்குக் கீழேதான். ஏலத்தில் இறங்கினால், இவ்வளவுக்கு மேல் இல்லை என்று முதலிலேயே தாளில் எழுதிவிடுங்கள். விற்பவனின் ஆட்களே வேறு பெயரில் விலையை ஏற்றுவது உண்டு. சூடு ஏறினால் கணக்கு மறக்கும்!

மூன்றாம் காவல், சான்றிதழ். பெரிய விலை என்றால் வல்லுநர் சான்று கேளுங்கள். 1869-ல் தொடங்கிய லண்டன் ராயல் அஞ்சல் தலைச் சங்கம் போன்ற நிறுவனங்களின் வல்லுநர் குழுக்கள் தலையைச் சோதித்து, படம் ஒட்டிச் சான்று தருகின்றன. அந்தச் சான்றும் போலியாக இருக்கலாம். சான்றில் உள்ள படத்தின் மூலைப் பல்லும் முத்திரை விழுந்த இடமும் விற்கும் தலையோடு பொருந்துகிறதா பாருங்கள். எண்ணைக் குறிப்பிட்டு அந்த நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

ஏதோ நாட்டின் பெயரில், அந்த நாடே அறியாத நடிகர் படமும் பந்தாட்டக்காரர் படமும் போட்ட தலைகளும் உலவுகின்றன. அந்நாட்டு அஞ்சல் துறை வெளியிடாதது அஞ்சல் தலையே அல்ல, வெறும் படம்! உறுப்பு நாடுகள் முறையாக வெளியிடும் தலைகளை 2002 முதல் எண் கொடுத்துப் பதிவு செய்யும் ஏற்பாட்டை உலக அஞ்சல் ஒன்றியம் நடத்திவருகிறது. ஐயம் வந்தால் அங்கே தேடலாம். நம் நாட்டுப் புதுத் தலைகளுக்கு இடைத்தரகனே வேண்டாம். அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் உள்ளதைப் போன்ற அஞ்சல் தலைப் பிரிவுகளில் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும்.

நான்காம் காவல்தான் தலையாய காவல். அது பணம்! நம் தோழர் வீழ்ந்த இடமும் அதுவே. விற்பனைத் தளத்திலே பேச்சைத் தொடங்கிய அந்த எத்தன், "தளத்துக்குக் கமிஷன் கொடுப்பானேன்? நேரே என் எண்ணுக்கு அனுப்புங்கள், ஐந்நூறு குறைக்கிறேன்" என்றான். ஐந்நூறு மிச்சம், நாலாயிரத்து ஐந்நூறு நட்டம்! தளத்துக்குள்ளே பணம் கட்டினால் பொருள் மாறினால் முறையிட இடம் உண்டு. வெளியே வந்து கொடுத்தால் கிணற்றில் போட்ட கல்!

இப்போது விற்பவர் பக்கம் வருவோம். தந்தை சேர்த்த ஆல்பம் ஒன்று வீட்டிலே இருக்கும். இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போடாதீர்கள். நான் சொன்ன அந்தப் பிரிட்டிஷ் கயானா தலையை 1873-ல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுத் தாள்களுக்கிடையே கண்டெடுத்தான். எவ்வளவுக்கு விற்றான் தெரியுமா? ஆறு ஷில்லிங்! ஆல்பம் எல்லாம் புதையல் அல்ல, உண்மை. ஆயினும் விசாரிக்காமல் விற்காதீர்கள். கழுவாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள், உறையிலிருந்து பிய்க்காதீர்கள். பல பழைய தலைகளுக்கு, முத்திரையோடும் முகவரியோடும் முழு உறையாக இருந்தால்தான் கூடுதல் மதிப்பு.

வாங்குவதாக வருபவனும் எத்தனாக இருக்கலாம். "பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பான். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை! எண்ணைக் கேட்டால் பணம் வருவதற்கல்ல, போவதற்கு! "ஆயிரத்து ஐந்நூறுக்குப் பதில் தவறிப் பதினைந்தாயிரம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்புங்கள்" என்று அழுபவனும் உண்டு. அவன் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள்; வங்கிக் கணக்கைப் பாருங்கள். பணம் வந்த பிறகே சரக்கு புறப்பட வேண்டும். கெட்டி அட்டைக்கு நடுவே, ஈரம் புகாத உறையிலே, காப்பீடு செய்து விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவு அஞ்சல் 2025-ல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது. அனுப்புபவர் கட்டும்போதும் பெறுபவர் பிரிக்கும்போதும் இடையில் நிறுத்தாமல் வீடியோ எடுத்துக்கொண்டால், பிறகு வழக்கு வந்தால் அதுவே சாட்சி.

இத்தனையும் மீறி ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். எத்தனின் பெரிய மூலதனம் நம் வெட்கம்தான்! உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். இணையப் பணமோசடிக்கான அரசு உதவி எண் அது. வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறி ஓடும் முன்னே தடுக்க முடிந்தால் அந்த முதல் சில மணி நேரத்தில்தான் முடியும். பெரிய விற்பனைத் தளத்தில் வந்த குறை என்றால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் முறையீட்டை ஏற்றதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நுகர்வோர் உதவிக்கு 1915. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

நம் தோழர் அழைத்தார். ஆனால் பணம் போய் ஒன்பது நாள் கழித்து! முறையீடு பதிவாயிற்று, பணம் இன்னும் வரவில்லை. அன்றிரவு நான் கேட்டேன், "அந்தத் தலையை என்ன செய்யப் போகிறீர்கள்? கிழித்துப் போடுங்களேன்!"

அவர் கிழிக்கவில்லை. பென்சிலை எடுத்தார். தலையின் பின்பக்கத்தில் 'போலி' என்று எழுதினார். ஆல்பத்திலே, அந்த ஒன்றரை அணாத் தலையின் பக்கத்தில், ஒட்டாமல் உறைக்குள் வைத்தார். "என் பிள்ளை நாளைக்கு இதை அசல்னு நினைச்சு இன்னொருத்தன் தலையிலே கட்டிடக் கூடாது பாருங்க அண்ணே!" என்றார்.

நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை இழந்தவர், இன்னொருவன் நாலு ரூபாயை இழந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்! ஏமாந்தவன் ஏமாற்றுபவனாக மாறாமல் நின்றானே, அங்கே அறுந்தது அந்தப் பொய்ச் சங்கிலி!

அந்த ஆல்பம் இப்போது சங்கத்துத் திண்ணைக்கு வாரம் ஒருமுறை வருகிறது. இரண்டு தலைகளையும் அருகருகே காட்டி இளைஞர்களுக்குப் பாடம் நடத்துகிறார். கையில் உருப்பெருக்கியைக் கொடுத்து, அவர் சொல்லும் முதல் வாசகம் ஒன்றே:

"நான் சொல்றேன்னு நம்பாதே தம்பி. நீயே பாரு!"